தண்ணீர் ஏன் பீய்ச்சியடிக்க மறுக்கிறது?

கேள்வி: பிளெண்டரில், உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிடும் காட்சி செய்கிறேன். பீறிடாமல் கூழ் மாதிரி உருண்டு உருண்டு விழுகிறதே, ஏன்?

பதில்: கணினியைத் திட்டாதீர்கள், கோளாறு பெரும்பாலும் கட்டத்தின் அளவில்தான் இருக்கும். 2020இல் வந்த 2.82 பதிப்பிலிருந்து பிளெண்டரில் திரவத்தைக் கணக்கிடுவது மான்டாஃப்ளோ. அது டொமைன் பெட்டியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. பெட்டியின் நீளம் 2 மீட்டர், ரெசல்யூஷன் 64 என்றால் ஒரு கட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். குழாயின் ஓட்டையோ 1 சென்டிமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய தாரை அதன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? முதலில் பெட்டியைத் தாரை பாயும் இடத்துக்கு மட்டும் சுருக்குங்கள். ரெசல்யூஷனை ஏற்றுவதெல்லாம் அப்புறம். அதை இரண்டு மடங்காக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும்; ராம் திணறிவிடும்.

அடுத்தது வேகம். இன்ஃப்ளோ பொருளில் 'இனிஷியல் வெலாசிட்டி'யை டிக் செய்து, பாயும் திசையில் எண் கொடுக்காவிட்டால் தண்ணீர் வெறுமனே வழியும். விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டுமா? 'யூஸ் ஃப்ளோ'வுக்குக் கீஃப்ரேம் வைத்து அணைத்து அணைத்துப் போடுங்கள். வேகத்தையும் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள். ஒரே சீராகப் பாயும் தாரை, என் கண்ணுக்கு, பொய்யாகத்தான் தெரிகிறது. விளிம்பில் தெறிக்கும் பொடித் துளிகளுக்கு 'ஸ்ப்ரே' இருக்கிறது. கடைசியில் சேர்த்தால் போதும்.

பேக் செய்யுமுன் கேஷ் ஃபோல்டரை நீங்களே குறித்துவிடுங்கள். தற்காலிக ஃபோல்டரில் விட்டால் ராத்திரி முழுக்க ஓடிய கணக்கு காலையில் காணாமல் போகக்கூடும்.