மேயர் ஓட்டு எங்கே போச்சு?

கேள்வி: திருச்சுழிப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஊராட்சித் தலைவருக்கு ரோஸ் நிறச் சீட்டில் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். அருப்புக்கோட்டையில் இருக்கும் மகள் கவுன்சிலருக்கு மட்டும்தான் போட்டாளாம். ஏன்?

பதில்: நகரங்களுக்கான சட்டம் வேறு, அம்மா. அதுவும் அடிக்கடி மாறும். 1996-இல் மு.க. ஸ்டாலின் மக்களின் நேரடி ஓட்டில் சென்னை மேயரானார். 2006-இல் அந்த உரிமை கவுன்சிலர்கள் கைக்குப் போனது. 2011-இல் நம்மிடம் திரும்பியது. 2019-இல் மறுபடி போய்விட்டது. 2022 மார்ச் 4 அன்று சிவகாசி மாநகராட்சியின் முதல் மேயரும், அருப்புக்கோட்டை நகர்மன்றத் தலைவரும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்து வந்தவர்களே. நேரடித் தேர்தலில் மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் தீர்மானம் எதுவும் நகராது என்பார்கள். நியாயம்தான். ஆனால் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும்போது கட்சித் தலைமை கைகாட்டுபவர்தானே நாற்காலியில் உட்காருகிறார்! என் ஓட்டு நேரடித் தேர்தலுக்கே.