முகாமுக்குப் போ, வெண்மதி

அன்புள்ள வெண்மதிக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை உன் அப்பாவிடம் காட்டவில்லை. மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு முகாம் என்றாலே பந்தல், பொன்னாடை, மேடையில் நாலு பேருக்குப் பணி ஆணை கொடுத்துப் படம் எடுப்பது, அதற்குப் போய் நிற்க மாட்டேன், எல்லோரையும் போல விண்ணப்பித்தே வேலை வாங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படம் எடுக்கும் சடங்கு எனக்கும் பிடிக்காது. ஆனாலும் அடுத்த மாதம் விழுப்புரத்தில் நடக்கும் முகாமுக்கு நீ போகத்தான் வேண்டும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரி முகாம்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததிலிருந்து ஆன்லைனில் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறாய், பதிலே வருவதில்லை. உன் விண்ணப்பத்துக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். விண்ணப்பித்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் முதலில் செய்யும் காரியம், போன் போடுவது. எடுத்தால் இரண்டு நிமிடம் பேசி, சரி வருவாரா என்று குறித்துக்கொள்வார். எடுக்காவிட்டால் அடுத்த பெயர். காது கேட்காத பெண்ணின் விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கான பி.காம். வகுப்பில் நீ வாங்கிய மதிப்பெண்ணையோ, டேலி கணக்கு மென்பொருள் கற்றதையோ ஒருவரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். யாரும் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்ணு. உன்னை யாரும் சந்திக்கவே இல்லை.

பார்வையில்லாத பையனுக்கு இதே இடத்தில் ஆன்லைன் தேர்வு தடையாக நிற்கும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அந்த இணையப் பக்கம் ஒத்துழைக்காது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு, நேர்காணல் நடக்கும் இரண்டாம் மாடி. ஒழுங்காக நடத்தும் முகாம் இந்தத் தடைகளைத்தான் எடுத்துப் போடுகிறது. தரைத்தளத்தில் நடக்கும், சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பார், எதிரே உட்கார்ந்திருப்பவர் இப்படி ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்தே வந்திருப்பார். இதைச் சலுகை என்று நினைக்காதே. மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைப்பது உனக்கு அன்று ஒரு நாள் கிடைக்கிறது. அதற்குப் பிறகு நடப்பது முழுக்க உன் திறமை.

இன்னொன்றை நான் அந்த மேசையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஆள் எடுக்க வருகிற மேலாளர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் காது கேளாத ஒருவரோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் வாழ்க்கையிலேயே இருந்திருக்காது. பேக்கிங் வேலைக்கு மட்டும்தான் எடுப்போம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். காலையிலிருந்து மாலைக்குள் ஐம்பது அறுபது பேரைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு மாறும். கணக்குப் பிரிவுக்கு ஆள் வேண்டுமென்று அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தனி விண்ணப்பத்தால் இந்த மாற்றம் வராது. அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்பதால்தான் வருகிறது. நீ போகாவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஒரு பி.காம். குறைகிறது.

நடக்காத கதை சொல்லவில்லை. ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்து வருகிறது. லெமன் ட்ரீ ஓட்டல்களில் காது கேளாத ஊழியர்கள் விருந்தினருக்கு உணவு பரிமாறுகிறார்கள். சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்தி, ஐ.டி. கம்பெனிகளையும் வங்கிகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தது. அதை நிறுவிய ஜெயஸ்ரீ ரவீந்திரனும் உன்னைப் போலக் காது கேட்காதவர்தான்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது, அதில் 1 சதவீதம் உன்னைப் போலக் காது கேளாதவர்களுக்கு. தனியாரில் ஒதுக்கீடு கிடையாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், என்னென்ன வசதி செய்து தருவோம் என்று அதில் சொல்ல வேண்டும். முகாமில் அதைக் கேள். கேட்டவுடன் எதிரே இருப்பவர் எடுத்துக் காட்டுகிறாரா, விழிக்கிறாரா என்பதிலேயே அந்தக் கம்பெனியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நீ அவர்களைத் தேர்ந்தெடுக்கவும்தான் போகிறாய் என்பதை மறக்காதே. ஏற்கெனவே காது கேளாதவர் யாராவது அங்கே வேலை செய்கிறார்களா? பயிற்சி நாட்களில் மொழிபெயர்ப்பாளர் உண்டா? தீ அபாய மணி அடித்தால் விளக்கும் மின்னுமா? கம்பெனியே நேரடியாக எடுக்கிறதா, ஒப்பந்தக்காரர் மூலமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. இது தெரியாத கணக்காளர்கள் இருக்கிறார்கள், நீயே சொல். பேக்கிங் வேலைதான் இருக்கிறது என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போ. கிடைத்ததே பெரிது என்று யாராவது சொன்னால் (உன் அம்மா சொல்வாள்) பொருட்படுத்தாதே. பேக்கிங் கேவலமான வேலை இல்லை. ஆனால் நீ மூன்று வருடம் படித்தது கணக்கு. பதிவுக்கோ பணி ஆணைக்கோ யார் பணம் கேட்டாலும் கொடுக்காதே.

ஒரே நாளில் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அன்று கொடுக்கிற பட்டியலில் பெயர் வந்து, பிறகு அழைப்பே வராமல் போவதும் உண்டு. அதனால் பேசியவரின் பெயரும் மின்னஞ்சலும் வாங்காமல் மேசையை விட்டு எழுந்திருக்காதே. அந்த வாரத்துக்குள் இரண்டு வரி எழுதிப் போடு. வரிசையில் நிற்கிற மற்றவர்களோடும் பேசு. எந்தக் கம்பெனி சொன்னபடி நடக்கிறது, எங்கே விடுதி பாதுகாப்பானது என்பதெல்லாம் கம்பெனிக்காரரைவிட அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத் தொழில் சேவை மையம் இருக்கிறது; சென்னைக்கு வரும்போது நானே கூட்டிப் போகிறேன்.

பொதுவான நேர்காணல்களை விட்டுவிடு என்று சொல்லவே மாட்டேன். இரண்டுக்கும் போ. அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொள், ஆனால் மேசைக்கு முன்னால் அவர் உனக்காகப் பேசக் கூடாது. அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், டேலி சான்றிதழ் எல்லாவற்றிலும் நாலைந்து நகல் எடுத்துவை.

பயோடேட்டாவை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. உன் செல்பேசி எண்ணுக்குப் பக்கத்தில் "வாட்ஸ்அப் அல்லது குறுஞ்செய்தி மட்டும்" என்று போட்டிருக்கிறாயா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை