ரோபோ ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன்

வாலிகண்டபுரத்திலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். ‘ரோபோவில் செய்துவிடலாம்’ என்கிறார் டாக்டர். பயம் வேண்டாம், அது தானாக வெட்டாது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் உறுப்பைப் பார்த்தபடி ரோபோவின் கைகளை இயக்குவது டாக்டர்தான். அதனால் முதல் கேள்வி மெஷினைப் பற்றியதல்ல: ‘இதே ஆபரேஷனை ரோபோவில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’

சின்னத் தழும்பு, குறைவான ரத்த இழப்பு, சீக்கிரம் வீடு என்பார்கள். உண்மைதான். ஆனால் சாதாரண லேப்ராஸ்கோப்பியிலும் இதில் பெரும்பகுதி கிடைக்கும். பித்தப்பைக் கல்லுக்கு ரோபோ அநேகமாக வீண்செலவு என்பேன். புராஸ்டேட் போல இடுக்கான இடமென்றால் யோசிக்கலாம். ஆரம்பநிலை கருப்பைவாய்ப் புற்றுநோயில் கதையே வேறு. லேப்ராஸ்கோப்பி, ரோபோ போன்ற துளைவழி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே வயிற்றைத் திறப்பது பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ வசதி இருக்கிறது. தனியாரில் என்றால், காப்பீட்டு அட்டையில் ரோபோவுக்கான கூடுதல் தொகையும் அடங்குமா, பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் பில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் ஸ்கேன் படங்களோடு மஞ்சப்பையில் வையுங்கள்.