ஒலிவாங்கி பழுதுபடின் கமக்காரர் செய்யத்தக்கவை

மன்னார் – பூநகரி வீதியிலுள்ள வெள்ளாங்குளத்திலும் அயலூர்களிலும் நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருக்குக் கைத்தொலைபேசி இன்று மண்வெட்டியைப் போன்றதொரு கருவியாகும். பயிரில் பீடை கண்டவிடத்து 1920 என்னும் இலக்கத்துக்கு அழைத்து விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். ஆயினும், பேசுவோரின் குரல் மறுமுனையில் தெளிவாகக் கேளாவிடின் பயன் யாது? கபிலநிறத் தத்தி நெல்லின் அடித்தண்டிற் சாற்றை உறிஞ்சும் பூச்சி; எரிபந்தமோ இலையிற் கண்வடிவப் புள்ளிகளைத் தோற்றுவிக்கும் பங்கசு நோய். அறிகுறி தவறாகக் கேட்கப்படின் மருந்தும் தவறும்.

ஒலிவாங்கி இருக்குமிடம்

தொலைபேசியின் கீழ் விளிம்பில், மின்னேற்றும் துவாரத்தின் அருகே சிறு துளையொன்று காணப்படும். அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வு குரலால் அதிர, அவ்வதிர்வு மின் சைகையாக மாறுகின்றது. பல தொலைபேசிகளில் மேல் விளிம்பிலும் ஓர் ஒலிவாங்கி உண்டு. அது சுற்றுப்புற இரைச்சலைக் குறைக்க உதவும்.

குறையை அறியும் முறை

1. அழைப்பின்போது ஒலியடக்கும் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா என முதலிற் பார்க்க வேண்டும். புளூடூத்தையும் நிறுத்துதல் வேண்டும். தொலைபேசி வேறொரு கருவியுடன் இணைந்திருப்பின் குரல் அதன் வழியே செல்ல முயலும்.

2. மேலுறையைக் கழற்றி, உறையோ ஒட்டுத்தாளோ துளையை மறைக்கின்றதா எனப் பார்க்கவும்.

3. ஒலிப்பதிவுச் செயலியிற் சில வார்த்தைகள் பேசிக் கேட்கவும். பதிவு தெளிவாயிருந்து, வாட்ஸ்அப்பில் மட்டும் குரல் செல்லாவிடின், அமைப்புகளில் அச்செயலிக்கு ஒலிவாங்கி அனுமதி வழங்கவும். பதிவும் மங்கலாயின், துளை அடைபட்டிருக்கலாம். அன்றேல் உட்பாகம் பழுதாகியிருக்கலாம்.

4. ஒலிவாங்கியுடன் கூடிய செவிக்கருவியைப் பொருத்திப் பேசவும். அப்போது குரல் தெளிவாயின் குறை தொலைபேசியின் ஒலிவாங்கியிலேயே உள்ளது. திருத்தும்வரை செவிக்கருவியைக் கொண்டே பேசலாம்.

துப்புரவும் பாதுகாப்பும்

சூடடிக்கும் களத்தின் உமித்தூசும் வயற்சேறும் துளையை எளிதில் அடைக்கும். தொலைபேசியை நிறுத்தி, துளை கீழ்நோக்கியிருக்கப் பிடித்து, உலர்ந்த மென்தூரிகையால் மெல்லத் துடைக்கவும். சிம் அட்டையை வெளியே எடுக்கும் ஊசியை இத்துளையிற் செலுத்துதல் பெருந்தவறு, சவ்வு கிழிந்துவிடும். வாயால் ஊதுவதும் ஈரத்தை உட்செலுத்தும்.

வாய்க்காலில் விழுந்த தொலைபேசியை அரிசியிற் புதைத்து வைப்போர் பலர். அரிசித்தூள் துளைகளில் நுழைந்து மேலும் கேடு செய்யக்கூடும். ஆப்பிள் நிறுவனமும் இவ்வழக்கம் வேண்டாமென எச்சரித்துள்ளது. தொலைபேசியை நிறுத்தித் துடைத்து, நிழலிற் காற்றோட்டமாக உலரவிடுக. ஈரம் நீங்குமுன் மின்னேற்றலாகாது. கடல்நீர் பட்டதாயின் உப்பு உலோகத்தை அரிக்குமாதலால், தாமதியாது திருத்துநரிடம் கொடுக்கவும்.

காற்று வேகமாக வீசும் நாட்களில் அதற்கு முதுகு காட்டி நின்று பேசுவதும் நன்று.

இவையாவும் பயனளியாவிடின் அயலவரின் தொலைபேசியிலிருந்து அழைக்கவும்; அல்லது நோயுற்ற பயிரை எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரை நேரிற் காணவும். தொலைபேசி திருத்தப்படும்வரை பீடை காத்திராது.