வீட்டுச் சோப்பும் எடைத்தராசும்

வெள்ளைச் சீருடையில் சாம்பார் சிந்தினால் மஞ்சள் கறை படிகிறது. அதன்மேல் சோப்பைத் தேய்த்ததும் கறை செந்நிறம் கொள்கிறது. சட்டை பாழாயிற்று என்று அஞ்சத் தேவையில்லை. நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால் சிவப்பு மறையும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தி நீர் சிவப்பது எதனாலோ, அதனாலேயே இக்கறையும் சிவக்கிறது. காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். சோப்பு காரத்தன்மை உடையது என்பதற்கு அந்தச் சட்டையே சான்று.

சோப்புக்கட்டி வருமுன்னரும் இந்நாட்டில் அழுக்கு நீக்கும் முறைகள் இருந்தன. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நீரில் நுரைப்பவை. ஆயினும் அவை சோப்பு அல்ல. அவற்றில் இயல்பாகவே உள்ள சப்போனின் என்னும் பொருளே நுரையைத் தருகிறது. சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைக்கப் பயன்படுத்திய உவர்மண் வேறு வகையானது. அம்மண்ணில் பூத்திருக்கும் சோடியம் கார்பனேட்டு ஒரு காரம். அது துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் தாக்கி நீக்கும். எண்ணெயும் காரமும் சந்திக்கும் இடத்தில் அழுக்கு அகலும் என்பது ஏட்டறிவுக்கு முன்பே தொழிலறிவால் தெரிந்திருந்தது.

அச்சந்திப்பின் உட்பொருளை விளக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல். கொழுப்புகளைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1823 ஆம் ஆண்டு வெளிவந்தது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்துள்ளன. சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம் அப்பிணைப்பை அறுக்கிறது. கொழுப்பு அமிலங்கள் சோடியத்துடன் கூடிச் சோப்பாகின்றன. கிளிசரால் தனியே விடுபடுகிறது. பெரிய ஆலைகள் பெரும்பாலும் இந்தக் கிளிசராலைப் பிரித்தெடுத்து வேறு பயன்களுக்கு விற்றுவிடும். வீட்டில் செய்யும் சோப்பில் அது அப்படியே தங்கி, தோலின் ஈரப்பசையைக் காக்க உதவுகிறது. கடைகளில் சில சோப்புகளின் உறைமேல் ‘வேதிப்பொருள் அற்றது’ என்று அச்சிட்டிருப்பது பொருந்தாத கூற்று. எண்ணெயைக் காரத்தோடு சேர்க்காமல் சோப்பு செய்ய இயலாது. முறையாகச் செய்த கட்டியில் அக்காரம் தனியே எஞ்சி நிற்பதில்லை என்பதே உண்மை.

எஞ்சாமல் இருக்கச் செய்வது எது? தராசுதான். ரசத்திற்குக் கைப்பக்குவம் போதும், சோப்புக்குப் போதாது. ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென ஓர் அளவு காரத்தையே ஏற்கும். 100 கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 18.3 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. அதே எடையுள்ள நல்லெண்ணெய்க்கு 13.4 கிராமும் விளக்கெண்ணெய்க்கு 12.8 கிராமும் போதும். 500 கிராம் தேங்காயெண்ணெய்க்கு வகுத்த குறிப்பை வைத்துக்கொண்டு, எண்ணெயை மட்டும் நல்லெண்ணெயாக மாற்றினால் என்ன ஆகும்? சுமார் 24 கிராம் கடுங்காரம் வேலையின்றிக் கட்டிக்குள் தங்கிவிடும். பார்வைக்கு அது நல்ல சோப்பாகவே தோன்றலாம். தேய்த்தவரின் தோல் எரியும். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறவேண்டும் என்பதை வீட்டில் சோப்பு செய்யத் தொடங்குவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஒரு கலவையைக் காண்போம். தேங்காயெண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். தேங்காயெண்ணெய் கட்டிக்கு உறுதியும் மிகுந்த நுரையும் தரும்; அது மட்டுமே இருந்தால் தோல் வறண்டுபோகும். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும். இம்மூன்றுக்கும் வேண்டிய காரம் 54.9, 20.1, 6.4 ஆகியவற்றின் கூடுதலான 81.4 கிராம். இதில் 5 விழுக்காட்டைக் குறைத்து 77.3 கிராம் மட்டும் எடுப்பர். அதனால் சிறிதளவு எண்ணெய் மாறாமல் எஞ்சும். எஞ்சுவது எண்ணெயாக இருக்கலாம், காரமாக இருக்கக்கூடாது. நீர் 165 கிராம் போதும்.

கடைகளில் காஸ்டிக் சோடா என்று வழங்கும் இக்காரத்தைக் கையாளும் பணி பெரியவர்களுக்கே உரியது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னலருகே நின்று, காரத்தை நீரில் சிறிது சிறிதாகத் தூவவேண்டும். நீரைக் காரத்தின்மேல் ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிப்பதோடு, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். தோலில் தெறித்தால் எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ தேடக்கூடாது. குழாய் நீரில் நெடுநேரம் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கரைசலும் எண்ணெயும் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசுக்கு ஆறியபின் இரண்டையும் சேர்த்து மத்தால் கடைவர். முதலில் நீர்த்திருக்கும் கலவை மெல்லத் தோசைமாவுபோல் கெட்டியாகும். கரண்டியிலிருந்து வழியும் மாவு உடனே அமிழாமல் மேற்பரப்பில் கோடாக நின்றால் பதம் வந்துவிட்டது. மஞ்சள் பொடி சேர்ப்போர் இப்போது சேர்ப்பர். மஞ்சள் சேர்ந்ததும் கலவை செந்நிறமாவது கண்டு பிழை செய்துவிட்டோமோ என்று எண்ணுவது உண்டு. அது சட்டைக்கறையின் கதையேயாகும். பின்னர், தாள் விரித்த மரப்பெட்டியிலோ சிலிக்கோன் அச்சிலோ ஊற்றித் துணியால் மூடிவைப்பர்.

மறுநாள் கட்டியை வெட்டிவிடலாம். பயன்படுத்த மட்டும் 4 முதல் 6 வாரம் காத்திருக்கவேண்டும். காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கிய கட்டிகளிலிருந்து நீர் மெல்ல ஆவியாகும். சோப்பு இறுகும்; விரைவில் கரைந்து வீணாகாது. வாரந்தோறும் ஒரே கட்டியைத் தராசில் வைத்துக் குறித்துவந்தால் எடை சிறிது சிறிதாகக் குறைவது தெரியும். அடுத்தடுத்த இரு வாரங்களில் எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால் அந்தச் சோப்பு குளியலறைக்குச் செல்லலாம்.

வினாக்கள்

1. சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பது ஏன்?
2. பூந்திக்கொட்டைக்கும் சோப்புக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. 200 கிராம் தேங்காயெண்ணெயும் 100 கிராம் நல்லெண்ணெயும் கொண்ட கலவைக்கு வேண்டிய சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு? 5 விழுக்காடு குறைத்தால் எவ்வளவு?
4. ‘வேதிப்பொருள் அற்றது’ என்னும் விளம்பரம் பொருந்துமா? காரணம் காட்டி ஐந்து தொடர்களில் எழுதுக.