போர்த் தளவாடம்: வாங்குவதா, கூடிச் செய்வதா?

நான் படித்த தமிழ்ப்பள்ளி சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் இருந்தது. பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் போர் விமானங்கள் சில நாள்களில் எங்கள் கூரைக்கு மேலேயே போகும். சத்தம் அடங்கும் வரை ஆசிரியை வாய்பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். நாங்கள் சன்னலுக்கு ஓடுவோம். "நம்ம பிளேன்டா!" என்று எவனாவது கத்துவான். நம்முடையதுதான். எந்த அளவுக்கு நம்முடையது என்ற கேள்வி, பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்க வந்த பிறகுதான் எனக்கு எழுந்தது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

வளரும் நாடு ஒன்றுக்குப் போர் விமானமோ கப்பலோ தேவைப்பட்டால் அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆயத்தமாக இருப்பதை விலைக்கு வாங்கலாம். பிறர் வரைந்த வடிவத்தை உரிமம் பெற்று உள்நாட்டில் கட்டலாம். அல்லது இன்னொரு நாட்டோடு கூட்டுச் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்கலாம். முதல் வழி விரைவானது, கடைசி வழி அறிவைத் தருவது என்று பாடநூல்கள் சொல்லும். நம் நாட்டின் அனுபவம் அவ்வளவு நேராக இல்லை.

பட்டர்வொர்த் ஹார்னெட்டையே எடுத்துக்கொள்வோம். எட்டு எப்-18 விமானங்களை மலேசியா அமெரிக்காவிடமிருந்து 1997இல் பெற்றது. விமானத்தின் கணினிக்குள் இருக்கும் மூல நிரல் நமக்குத் தரப்படவில்லை. ராடார் எதைப் பகை என்று கொள்ள வேண்டும், எந்த ஏவுகணை எந்தக் கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பதெல்லாம் அந்த நிரலில்தான் எழுதப்பட்டிருக்கும். புதிய ஏவுகணை ஒன்றைப் பொருத்த வேண்டுமானாலும் விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இவை கண்காட்சியில் பறக்கத்தான் உதவும் என்று, அலோர் ஸ்டாரில் பிறந்தவரான முன்னாள் பிரதமர் துன் மகாதீர் ஒருமுறைக்கு மேல் குறைபட்டிருக்கிறார். அது சற்று மிகை என்பது என் எண்ணம். 2013 மார்ச்சில் சபாவின் லகாட் டத்துவில் ஊடுருவியவர்கள் மீது இதே ஹார்னெட்டுகள் குண்டு வீசின. விமானம் வேலை செய்யும். ஆனால் விற்றவருக்கு ஒப்பாத வேலையையும் அது செய்யுமா என்பதுதான் கேள்வி.

இது எனக்குப் புரிந்தது வகுப்பறையில் அன்று. என் மாமா செம்பனை ஆலை ஒன்றில் பிட்டர். பழக்குலைகளை அவிக்கும் கலனுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வந்தது. பழைய கலனின் வால்வுகளைக் காதால் கேட்டே பழுது சொல்லக்கூடியவர் மாமா. புதிய பெட்டிக்கு ஈயமுத்திரை வைத்திருந்தார்கள். பிரித்தால் உத்தரவாதம் போய்விடும். ஒருநாள் அது நின்றது. கம்பெனி ஆள் வர நான்கு நாளானது. அதற்குள் குலைகள் களத்தில் அழுகின. வந்தவர் மாற்றியது ஒரு சிறு பியூசை. "நான் சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்டா" என்றார் மாமா. இருபத்தெட்டு ஆண்டு வேலை செய்தவரின் வாயிலிருந்து அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

நாடும் அப்படிச் சும்மா நின்று பார்த்திருக்கிறது. 1995இல் ரஷ்யாவிடமிருந்து 18 மிக்-29 விமானங்கள் வந்தன. 2003இல் 90 கோடி அமெரிக்க டாலருக்கு 18 சுகோய்-30 எம்கேஎம் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. இரண்டு பேரத்திலும் விலையின் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகக் கொடுப்பது என்று முடிவு. நம் தோட்டங்களில் குலை வெட்டியவர்களுக்கு அந்த விமானங்களில் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் தவறில்லை. 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாபர் விண்வெளிக்குப் போனதும் சுகோய் பேரத்தோடு சேர்ந்து வந்த பயன்தான். அதை நாடே கொண்டாடியது. ஆனால் 2018 ஜூலையில் அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கைப் பலர் மறந்திருப்பார்கள். ரஷ்யத் தயாரிப்பான 28 போர் விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தன. உதிரிப்பாகமும் பராமரிப்பும்தான் சிக்கல். விண்வெளிப் பயணத்துக்குப் பதிலாக இருநூறு தொழில்நுட்பர்களுக்கு இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் பயிற்சியைக் கேட்டிருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (இதைச் சொன்னதற்கு என் அறைத்தோழன் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.)

அதே சுகோயின் அண்ணன் இந்தியாவில் இருக்கிறது. நம் எம்கேஎம், இந்தியாவுக்காக உருவான எம்கேஐ விமானத்தை அடியொற்றியது. 1996இல் வாங்கத் தொடங்கிய இந்தியா, 2000ஆம் ஆண்டில் 140 விமானங்களை உள்நாட்டிலேயே கட்ட உரிமம் பெற்று நாசிக்கில் கட்டியது. அந்தப் பழக்கத்தின் பலன் நமக்கும் கிடைத்தது. நம் ஆகாயப்படையினருக்குச் சுகோயைப் பழக்க இந்திய ஆகாயப்படைக் குழு ஒன்று கோங் கெடாக் தளத்துக்கு வந்து தங்கியது.

இன்னும் ஒருபடி மேலே போனது பிரமோஸ் ஏவுகணை. பிரம்மபுத்திரா, மாஸ்க்வா ஆகிய இரு நதிகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். 1998 பிப்ரவரியில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர் அப்துல் கலாம். கூட்டு நிறுவனத்தின் முதல் தலைவர் நாகர்கோவில்காரரான சிவதாணுப் பிள்ளை. பங்கு இந்தியாவுக்கு 50.5, ரஷ்யாவுக்கு 49.5 விழுக்காடு. உந்துபொறி ரஷ்யாவுடையது, வழிகாட்டும் மென்பொருள் முதலியவை இந்தியாவுடையவை. 2001 ஜூனில் முதல் சோதனை நடந்தது. 2022இல் பிலிப்பைன்ஸ் 37.5 கோடி டாலருக்கு இதை வாங்கியது. நேற்று வாங்கியவர் இன்று விற்பவர்.

ஆனால் இந்தியாவின் கதை முழுவதும் இனிப்பல்ல. தேஜாஸ் இலகு விமானத் திட்டம் 1983இல் தொடங்கியது. முதல் விமானம் பறந்தது 2001இல். அதற்கென 1989இல் தொடங்கிய இயந்திரத்துக்குக் காவிரி என்று பெயர். போதிய உந்துவிசை கிடைக்காமல் 2008இல் அதைத் தேஜாஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். தேஜாஸ் அமெரிக்க எப்-404 இயந்திரத்தில் பறக்கிறது. விமானத்தை நாமே வரையலாம். அதன் இதயத்தைச் செய்வதற்கு வேறு தலைமுறை உழைப்பு வேண்டும்.

இனி நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய கப்பலுக்கு வருவோம். கே.டி. கெடா 2006இல் கடற்படையில் சேர்ந்தது. ஜெர்மானிய வடிவம், 1998இல் போட்ட ஒப்பந்தம். 27 கப்பல் என்பது கனவு, கட்டி முடித்தது ஆறு. முதல் இரண்டின் உடலும் ஜெர்மனியில் உருவாயின, மற்றவை லூமூட்டில். தாமதமும் கடனும் சேர்ந்து அந்தக் கப்பல்தளம் கைமாறியது.

அதே தளத்துக்கு அடுத்துக் கொடுக்கப்பட்டதுதான் எல்சிஎஸ் எனப்படும் கரையோரப் போர்க்கப்பல் திட்டம்: ஆறு கப்பல்கள், 900 கோடி ரிங்கிட், முதல் கப்பல் 2019இல் வர வேண்டும். கடற்படை விரும்பிய வடிவம் வேறு. தேர்வானது பிரெஞ்சு நிறுவனத்தின் கோவிண்ட். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 608 கோடி ரிங்கிட் செலுத்தப்பட்டிருந்தது. ஒரு கப்பலும் வந்து சேரவில்லை. முந்திய ரோந்துக் கப்பல் திட்டத்தின் பழைய கடனை அடைக்கவே 40 கோடி போயிருந்தது. பிறகு எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது, செலவு 1,100 கோடியைத் தாண்டியது, 2023இல் அரசாங்கமே தளத்தை எடுத்துக்கொண்டது. அதன் புதிய பெயரின் சுருக்கம் லூனாஸ். நம் கூலிம் பக்கத்து லூனாஸ்காரர்கள் சிரிக்கலாம். மலாயில் அந்தச் சொல்லுக்குக் கப்பலின் அடிமரம் என்றும் பொருள், கடனைத் தீர்த்தல் என்றும் பொருள்.

இதே கோவிண்ட் வடிவத்தை எகிப்தும் 2014இல் வாங்கியது. முதல் கப்பலைப் பிரான்சில் கட்டி 2017இல் பெற்றுக்கொண்டது. அடுத்த மூன்றும் அலெக்சாண்ட்ரியாவில். நாமோ முதல் கப்பலிலிருந்தே எல்லாம் உள்நாட்டில் என்றோம். 'உள்நாட்டில் கட்டுவது' என்ற சொல்லில் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. வடிவம் பிறருடையது, கருவிகள் பிறருடையவை, கற்றுக்கொள்ள அவகாசமும் இல்லை என்றால் உள்நாட்டில் நடப்பது தகட்டை ஒட்டும் வேலை மட்டுமே. வாங்குவதன் விரைவும் கிடையாது, கூடிச் செய்வதன் அறிவும் கிடையாது.

2023 மே மாதம் லங்காவியில் நடந்த லீமா கண்காட்சியில், 92 கோடி டாலருக்கு 18 எப்ஏ-50 விமானங்கள் வாங்கக் கொரியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. போட்டியில் தோற்றவற்றுள் தேஜாஸும் ஒன்று. வென்றதிலும் தோற்றதிலும் அதே எப்-404 குடும்ப இயந்திரம்தான்! எப்ஏ-50 எங்கிருந்து வந்தது? எப்-16 விமானங்களை உரிமத்தில் கட்டிப் பழகிய கொரியா, அமெரிக்க லாக்ஹீட் நிறுவனத்தோடு கூடி உருவாக்கிய பயிற்சி விமானத்தின் வாரிசு அது. அந்தப் பயிற்சி விமானம் 2002இல் முதன்முதலில் பறந்தது. ஆக, பிறர் கூடிச் செய்ததை நாம் வாங்குகிறோம். கொரியாவின் அடுத்த விமானமான கேஎப்-21இல் இந்தோனேசியா பங்காளியாகச் சேர்ந்தது. செலவில் ஏறத்தாழ இருபது விழுக்காடு தருவதாகச் சொல்லி, தவணைகளைக் கட்ட முடியாமல், பங்கைக் குறைத்துக்கொண்டது. அதற்கேற்பப் பெறும் தொழில்நுட்பமும் குறைந்தது. கூட்டுப் பானையில் அரிசி போடாதவனுக்குச் சோறு பாதிதான்.

என் கருத்து இது. எட்டும் பதினெட்டுமாக வாங்கும் நாடு ஒரு போர் விமானத்தைக் கூட்டாக உருவாக்கப் புறப்படுவது நடைமுறைக்கு ஒத்துவராது. 140 வேண்டும் என்று கேட்ட இந்தியாவின் பேரபலம் நமக்கில்லை. ஆனால் பழுதுபார்க்கும் உரிமை, வரைபடம், உதிரிப்பாகம் செய்யும் அனுமதி, முப்பதாண்டுக்கான பயிற்சி ஆகியவற்றை விலையோடு சேர்த்துப் பேசலாம். கை இல்லாத நாடு என்று நம்மைச் சொல்ல முடியாது. நம் கெடாவின் புக்கிட் காயு ஈத்தாமில் போயிங் பயணிகள் விமானச் சிறகுகளுக்கான கலப்புப் பொருள் தகடுகள் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டு வருகின்றன. விமானத்தளங்களிலும் கூலிம் தொழிற்பேட்டையிலும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, பெட்டியைத் திறக்கும் வேலை கிடைக்குமா, தூக்கி வைக்கும் வேலை மட்டும்தானா என்பதை அந்த ஒப்பந்தப் பக்கங்கள்தாம் தீர்மானிக்கின்றன.

மாமாவின் ஆலைக்குப் போன ஆண்டு இன்னொரு இயந்திரம் வந்தது. மின்சுற்று வரைபடம் கையில் வராமல் ரசீதில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று மாமா நின்றுவிட்டாராம். மேலாளர் முதலில் கோபப்பட்டார், பிறகு தொலைபேசியை எடுத்தார். மூன்றாம் நாள் வரைபடம் வந்தது. அதில் பாதிப் பக்கங்கள் இல்லை. மீதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.