தள்ளுபடி விலையில் தேனீப் பெட்டிகள்: கொள்முதல் பற்றிய ஒரு பாடம்

வேளாண்மையின் துணைத்தொழில்களுள் நிலம் வேண்டாத தொழில் என்ற சிறப்பு தேனீ வளர்ப்புக்கு உண்டு. ஆயினும் அது முதலீடு வேண்டாத தொழில் அன்று. பெட்டிகள், சட்டங்கள், மெழுகுத் தாள்கள், புகைப்பான், முகவலை, தேன் பிரித்தெடுக்கும் இயந்திரம் ஆகியவற்றை முதலிலேயே வாங்கியாக வேண்டும். தேனீக் குடும்பத்திற்கு அடுத்தபடியாகச் சிறு உற்பத்தியாளரின் முதலில் பெரும்பகுதி முடங்குவது இக்கருவிகளில்தான். ஆகவே விற்பனையாளர்கள் பருவம் ஓய்ந்த காலத்தில் தள்ளுபடி அறிவிக்கும்போது, தனி வளர்ப்போரும் கூட்டுறவுச் சங்கங்களும் மானியத் திட்டங்களை நடத்தும் அலுவலர்களும் அதனை நாடுவது இயல்பே. அத்தள்ளுபடி எப்பொழுது உண்மையான சேமிப்பாகிறது, எப்பொழுது நட்டமாக முடிகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எட்டு மில்லிமீட்டரின் விலை

மற்றப் பண்ணைக் கருவிகளுக்கும் தேனீப் பெட்டிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மண்வெட்டியின் பிடி சற்று நீண்டிருந்தாலும் வேலை நடக்கும். தேனீப் பெட்டியில் அவ்வாறு நடவாது. அமெரிக்கப் பாதிரியாரான லாங்ஸ்ட்ராத் 1851-இல் கண்டறிந்த உண்மை இது: ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையுள்ள இடைவெளியைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவைக்கும், அதனினும் குறுகினால் பிசினால் அடைத்துவிடும், அகன்றால் அங்கே அடை கட்டிவிடும். இதனையே தேனீ இடைவெளி என்கிறோம். இந்தியத் தேனீக்கு இது சற்றுக் குறைவு. சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்து மீண்டும் வைக்கக்கூடிய நவீனப் பெட்டி இந்த ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. தென்னாட்டில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தேனீக்கென அமைத்த சிறு பெட்டியும் இதே கொள்கையைத் தழுவியதே.

வடமாநிலங்களில் இன்று பெரிதும் வளர்க்கப்படுவது இத்தாலியத் தேனீ. 1962-இல் காங்ரா பள்ளத்தாக்கின் நக்ரோட்டா பக்வானில் வேரூன்றிய இவ்வினம், பின்னர்ப் பஞ்சாப், அரியானா, இராசத்தான், பீகார் எனப் பரவியது. இதற்குரிய லாங்ஸ்ட்ராத் பெட்டியில் புழு அறைச் சட்டத்தின் வெளி நீளம் 448 மில்லிமீட்டர்; பெட்டியின் உள் நீளம் ஏறத்தாழ 465 மில்லிமீட்டர். இரு முனைகளிலும் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு வழி கிடைக்கிறது. இந்த எட்டு மில்லிமீட்டரை விலைப்பட்டியலில் எவரும் அச்சிடுவதில்லை.

பணியின் பொருட்டு வட மாநிலம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நேரில் கண்டதை இங்குக் கூறலாம். மகளிர் குழு ஒன்றுக்காக முப்பது பெட்டிகள் வாங்கப்பட்டிருந்தன. அடுத்த ஒப்பந்தப்புள்ளியைவிட விலை 15 விழுக்காடு குறைவு. ஒப்பந்த ஆவணத்தில் பெட்டியின் வெளி அளவு மட்டுமே, அதாவது நீளம் 508 மில்லிமீட்டர் என்று மட்டுமே, குறிக்கப்பட்டிருந்தது. பலகையின் கனம் 22 மில்லிமீட்டராக இருந்தால் உள்ளே 464 கிடைக்கும். வந்த பெட்டிகளிலோ இழைக்கப்படாத 26 மில்லிமீட்டர் பலகை. உள் நீளம் 456. வெளி அளவு ஒப்பந்தப்படி மிகச் சரியாக இருந்தது! சட்டத்தின் மேற்கட்டை பெட்டியின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் அமர்வதால் சட்டங்கள் தடையின்றித் தொங்கின. பெற்றுக்கொண்ட அலுவலருக்கு எக்குறையும் தென்படவில்லை. கனமான பலகை உறுதியானது என்று பாராட்டியவர்களும் உண்டு.

குறையைக் கண்டுபிடித்தவை தேனீக்களே. முனைகளில் எஞ்சிய நான்கு மில்லிமீட்டரை அவை மூன்று வாரங்களில் பிசினால் அடைத்துவிட்டன. சட்டத்தைத் தூக்கியபோது அடைகள் முறிந்தன. ஒரு பெட்டியில் ராணித் தேனீயும் நசுங்கியது. கடுகு பூத்துக் குலுங்கிய நாட்களில் குடும்பங்களைத் தற்காலிகப் பெட்டிகளுக்கு மாற்றி, தச்சர் ஒருவரைக் கொண்டு முனைப் பலகைகளைக் கழற்றி இழைத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. தச்சுக் கூலியே தள்ளுபடித் தொகையை ஏறத்தாழ விழுங்கிவிட்டது. இழந்த இருபது நாள் தேன் வரத்துக்குக் கணக்கில் இடமே இல்லை. ஏனெனில் அது எந்தப் பதிவேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. இவ்விழப்பைத் தாங்கியவர்கள் அப்பெண்கள். கொள்முதல் செய்தவர்கள் அல்லர்.

தேனீப் பெட்டிகளுக்கு ஐ.எஸ். 1515 என்னும் இந்தியத் தரநிர்ணயம் உண்டு. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது அதனைக் குறிப்பிடுவதுடன் உள் அளவு, பலகைக் கனம், சட்டத்தின் வெளி அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். (தச்சர்கள் அங்குலத்திலும் நமது ஆவணங்கள் மில்லிமீட்டரிலும் பேசுவது இத்துறையின் தீராத தொல்லை. மாதிரிப் பெட்டி ஒன்றை முத்திரையிட்டுக் கொடுத்துவிடுதல் இரு சாராருக்கும் நல்லது.) ஒரே அளவினதாக இருப்பதால் விளையும் நன்மை ஒரு பெட்டியோடு முடிவதன்று. வலுக்குறைந்த குடும்பத்துக்கு வலுவான குடும்பத்திலிருந்து புழு அடை கொடுப்பது, ஒருவர் பெட்டியை விற்றால் மற்றவர் வாங்குவது, அனைவரும் ஒரே இயந்திரத்தில் தேன் எடுப்பது ஆகிய எல்லாம் சட்டங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தினால்தான் இயலும். ஐம்பது பெட்டி வைத்திருப்பவர் வேறு அளவில் பத்துப் பெட்டிகளை மலிவாக வாங்கினால், அவரிடம் இருப்பது அறுபது பெட்டிப் பண்ணையன்று. தம்முள் கலவாத இரண்டு பண்ணைகள்.

விலையும் செலவும்

விலை என்பது ஒரு நாள் கொடுப்பது. செலவு என்பது ஆண்டுதோறும் தாங்குவது. பொருளியல் மாணவர் அறிந்த இவ்வேறுபாட்டை எண்களால் விளக்கலாம். நன்கு உலர்ந்த மரத்தாலான பெட்டி 2,000 ரூபாய். பத்து ஆண்டு உழைக்கும் எனக் கொள்வோம். ஈர மரத்தாலான பெட்டி 20 விழுக்காடு தள்ளுபடியில் 1,600 ரூபாய். நான்கு ஆண்டு உழைக்கும் எனக் கொள்வோம். வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலே முன்னதன் ஆண்டுச் செலவு 200 ரூபாய், பின்னதன் செலவு 400 ரூபாய். இவை விளக்கத்துக்காகக் கொண்ட எண்களே. ஆயினும் ஈர மரம் பற்றிய எச்சரிக்கை கற்பனையன்று. மழைக்காலத்தில் செய்து விற்கப்படும் பெட்டி அப்பொழுது இறுக்கமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையின் வறண்ட காற்றில் பலகை சுருங்கி மூலைகள் பிளக்கும். ஆகவே பருவமற்ற காலத்தில் வாங்குவோர் மரம் உலர்ந்ததா என்று பார்க்காமல் தள்ளுபடியைப் பார்த்தல் கூடாது.

தள்ளுபடி எந்த விலையிலிருந்து என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஒருவர் கூறும் பெட்டி விலையில் அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, சட்டங்கள், உள்மூடி, மேல்மூடி அனைத்தும் அடங்கியிருக்கும். மற்றொருவர் விலையில் தேன் அறைச் சட்டங்கள் விடுபட்டிருக்கும். வண்டிக் கூலியும் அவ்வாறே. பெட்டி எடையால் அன்றி இடத்தால் வண்டியை நிரப்பும் பொருள். பிரித்த பலகைகளாக வாங்கி ஊரில் பொருத்திக்கொண்டால் கூலி வெகுவாகக் குறையும். வரிக் குறைப்பைத் தம் தள்ளுபடியாகக் காட்டும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். தேனீ வளர்ப்பு இயந்திரங்கள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முந்தைய வரி சேர்ந்த விலையோடு ஒப்பிட்டால், விற்பனையாளர் ஒரு காசும் விட்டுக்கொடுக்காமலே விலை 6 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாகத் தோன்றும்.

இயந்திரமும் மெழுகுத் தாளும்

தேன் அமிலத்தன்மை உடையது. துத்தநாகம் பூசிய தகட்டாலான பழைய வகை இயந்திரங்களில் பூச்சு நாளடைவில் கரைந்து தேனில் கலக்கும். தள்ளுபடிப் பட்டியல்களில் முதலிடம் பெறுவன பெரும்பாலும் இத்தகைய இருப்புகளே. உணவுத் தரமான 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு என்று பட்டியலில் எழுதி வாங்குவது தேவை. ‘எஃகு இயந்திரம்’ என்ற சொல் மட்டும் போதாது.

மெழுகுத் தாளில் ஏமாற்றம் இன்னும் எளிது. தூய தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வரையுள்ள வெப்பத்தில் உருகும். மலிவான பாரபின் கலந்த தாள் கோடையில் தேனின் பாரம் தாங்காது நெளிந்து சரிந்துவிடும். இனத்தையும் பார்த்தாக வேண்டும். இத்தாலியத் தேனீயின் வேலைக்கார அறை ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர் அகலமுடையது. இந்தியத் தேனீயின் அறை 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் இனத்துக்கான தாள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் மற்றோர் இனத்துக்கு உதவாது. முகவலை, கையுறை, உளி முதலியவற்றைத் தள்ளுபடியில் தயங்காமல் வாங்கலாம். அவற்றில் பிழை நேர்ந்தாலும் இழப்பு சிறிது.

தள்ளுபடி யாருக்குச் சேரும்?

அலுவலர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி இது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பெட்டி ஒன்றுக்கு 2,000 ரூபாய் செலவு எனக் கொண்டு, ஒருவருக்கு 50 பெட்டி வரையில், 40 விழுக்காடு உதவித்தொகை வகுத்தன. இத்தகைய வரம்புகள் காலந்தோறும் திருத்தப்படுபவை. கணக்கின் முறை மாறுவதில்லை. பெட்டி 1,600 ரூபாய்க்குக் கிடைத்தால் உதவித்தொகை 640 ரூபாய், பயனாளி பங்கு 960 ரூபாய். பெட்டிக்கு 400 ரூபாய் வீதம் ஐம்பது பெட்டிகளில் கிடைத்த 20,000 ரூபாய்த் தள்ளுபடியில் பயனாளிக்கு 12,000 ரூபாயும் அரசுக் கருவூலத்துக்கு 8,000 ரூபாயும் சேர்கின்றன. பட்டியலில் 2,000 என்றே எழுதிவிட்டு 400 ரூபாயைக் கையில் திருப்பிக் கொடுத்தால் கருவூலத்துக்குரிய பங்கு மறைந்துவிடும். பயனாளிக்கு அத்தொகை போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் சான்று இராது. தள்ளுபடி பட்டியலிலேயே கழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று தணிக்கையாளர் கேட்பதன் காரணம் இதுவே.

‘பத்து வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் தள்ளுபடியே. மாணவர் பலர் இதனைப் பத்து விழுக்காடு என்பர். பதினொரு பெட்டிக்கு 20,000 ரூபாய் எனில் ஒரு பெட்டி 1,818 ரூபாய், தள்ளுபடி 9.1 விழுக்காடு. அந்தப் பதினோராவது பெட்டியும் இருப்புப் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும்.

காலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வடசமவெளியில் கடுகு, யூகலிப்டஸ், லிச்சி எனப் பூக்கள் தொடரும் மாதங்களில், அதிலும் குடும்பங்கள் பெருகிப் பிரிக்கப்படும் மாசி, பங்குனியில், பெட்டிக்குக் கிராக்கி மிகும். நமது நிதியாண்டு முடியும் மார்ச்சும் அதுவே. ஆக, ஒதுக்கீடு காலாவதியாகும் அவசரத்தில் அரசுத் துறைகள் மிக உயர்ந்த விலைக்கு வாங்குகின்றன. விற்பனையாளர் இருப்பைத் தள்ளிவிட விரும்பும் ஆடி, ஆவணியிலோ கோப்புகள் உறங்குகின்றன. ஆண்டிறுதியில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்குக்கு முரணானது என்று 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே கூறுகின்றன. அவ்விதியைப் பின்பற்றுவதற்குத் தேனீப் பெட்டியைப் போல் இலாபகரமான பொருள் வேறு உண்டா என்பது ஐயமே.

பழைய பெட்டிகள்

தொழிலை விட்டுச் செல்வோரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மரம் நன்றாக இருப்பின் வாங்கலாம். அடைகளை வாங்குதல் கூடாது. புழு அழுகல் நோய்க் கிருமியும் மெழுகு அந்துப்பூச்சியின் முட்டையும் அவற்றோடு வந்துசேரும். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துக்கள் பல பத்தாண்டுகள் உயிருடன் இருக்கவல்லவை. விற்பவரின் குடும்பங்கள் எதனால் அழிந்தன என்று கேட்டு, விடை மழுப்பலாக இருந்தால் திரும்பிவிடுவதே உத்தமம். வாங்கிய பெட்டியின் உட்புறத்தைச் சுரண்டி, ஊதுவிளக்கால் மரம் பழுப்பாகும் வரை சுட்டு, வெயிலில் உலர்த்திய பின்னரே குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

புதியதோ பழையதோ, சரக்கு இறங்கும் நாளில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே: பெட்டிக்குள் சட்டத்தைத் தொங்கவிட்டு, எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள மரச் சில்லு ஒன்றை அதன் இரு முனைகளிலும் நுழைத்துப் பார்த்தல். எளிதில் நுழைந்து, தளர்ந்து ஆடாமல் நின்றால் பெற்றுக்கொள்ளலாம். நுழையாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி ஆயினும் வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும்; அன்று மாலை கையெழுத்திட்ட பிறகு அதற்கு வழியில்லை.